பூசைக்குப் போன அரம்

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனிடம் யாரும் வந்து அறிவுரை கேட்பதில்லை. அவனாகப் பிடித்து உட்காரவைத்துக் கொடுத்தால்தான் உண்டு. மெழுகு எந்தச் சூட்டில் உருகும், கிரைண்டரை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் டிரெய்னிங்கில் வரும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஒரு காரியம் கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பதா மூடுவதா, திறந்தால் எதைக் கேட்பது என்பதை எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தர மாட்டார்கள். நான் அதை ஒரு விஜயதசமிக் காலையில் கற்றுக்கொண்டேன்.

பாலைவனத்தில் கூரை போட்டு, அதற்குள் மலை கட்டி, மலைமேல் பனியைக் கொட்டி, அதில் ஜனங்களைச் சறுக்கவிடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். நாங்கள் யாரும் நம்பவில்லை. கிரைண்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வந்தவர்கள் என்னிடம் பனியைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றேன். அதுவரை நான் பனியைப் பார்த்தது கேம்ப் ஃப்ரீசருக்குள் மட்டும்தான், அதுவும் சுரண்டி எடுக்கச் சொல்லித் திட்டு வாங்கிய அன்று.

ஸ்கீ என்பதை ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். நுனியும் வாலும் அகன்று, இடுப்பு சிறுத்து, உடுக்கையை இழுத்து நீட்டியது போல இருக்கும். அந்தச் சிறுத்த இடுப்பில்தான் சூட்சுமம். ஓரத்து இரும்பின் மேல் சாய்ந்து நின்றால் கட்டை தானே வளைந்து திரும்பும். நீளக் கட்டை வேகமாகப் போகும், ஆடாது, ஆனால் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். குட்டைக் கட்டை சொன்ன பேச்சைக் கேட்கும். வளைந்து கொடுக்கிற கட்டை உங்கள் தப்பை மன்னிக்கும். விறைப்பான கட்டை மன்னிக்காது. இவ்வளவுதான் சாஸ்திரம். ஆனால் கவுண்டருக்கு வருகிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் நம் ஜனங்களுக்கு நீளம் என்றால் மரியாதை.

தோஹாவில் நஜ்மா பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மனைவிக்குக் கொடுத்ததைவிடத் தனக்குக் கொடுத்த கட்டை ஒரு சாண்கூட நீளமில்லை என்று சண்டை. குடும்பத் தலைவர் யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மேலே இருந்ததிலேயே நீளமானதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் கிளம்பிய கோடு மாறாமல் நேரே போய்க் கீழே இருந்த மெத்தைச் சுவரில் சாய்ந்தார். அந்த அம்மாள் குட்டைக் கட்டையில் இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு என்று சாவகாசமாக இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வழியில் இருக்கிறீர்கள் என்றார். நான் கவுண்டருக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் தலைவி ஒரு பனிதேசத்துப் பெண்மணி. பெயர் வேண்டாம், மேடம் என்றே இருக்கட்டும். நாம் தீட்டிவைத்த கட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுப்பார். நகம் சீவிக்கொண்டு வந்தால் தலையசைப்பார். வராவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கட்டையை நம் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். நாம் காரணம் சொல்ல ஆரம்பித்தால் கையைத் தூக்கித் தடுப்பார். சொல்லாதே, காட்டு என்பார். அவரிடம் நான் வேலை பார்த்த வருடங்களில் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான்.

இனி குகனுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்காரன், கவுண்டரில் பூட்ஸ் கொடுக்கிற வேலை. நானும் அவனும் முத்துப்பாண்டியும் ஷார்ஜா முவைலாவில் ஒரே ரூம். முத்துப்பாண்டி ராமநாதபுரம் பக்கம். என் ஒர்க்‌ஷாப்பில் கட்டைகளுக்குக் கையால் அரம் போடுகிறவன். குகனின் மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அங்கே மறுபடி சண்டை மூண்டு, ஷெல்லடி தொடங்கி, ஊருக்குப் போகும் பாதையையும் பூட்டிய காலம். போன் கிடைத்த நாளில் அவன் எங்களுக்கு டீ வாங்கித் தருவான். கிடைக்காத நாளில் ரூமில் யாரும் டிவி போட மாட்டோம். கவுண்டர் கிரேடில் இருக்கிறவனுக்கு ஃபேமிலி விசா கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் கிரேடு வந்தால் உண்டு. அதனால் அவன் இன்ஸ்ட்ரக்டர் ஆவதென்று முடிவெடுத்தான். பனிதேசத்தில் பிறந்து பனியில் தவழ்ந்தவர்கள் செய்கிற வேலையைப் பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவன் செய்யப் போகிறேன் என்றபோது, எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

காலையில் பனிக்கூடம் திறப்பதற்கு முன் ஸ்டாஃப் பழகிக்கொள்ள அனுமதி உண்டு. ஒரு நாள் விடாமல் போனான். விழுந்த இடங்களையெல்லாம் காட்டச் சொன்னால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மதியங்களில் அதை ரூமிலேயே மாட்டிக்கொண்டு நடப்பான். கீழ் வீட்டு மலையாளிச் சேட்டன் இரண்டு முறை மேலே வந்து, யாரை இடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருநாள் அதே பூட்ஸோடு, ஜூலை வெயிலில், தயிர் வாங்க கிராசரிக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, பூட்ஸ் இப்போது செருப்பு மாதிரி இளகிவிட்டது அண்ணை என்று பெருமைப்பட்டான். பிளாஸ்டிக் சூட்டில் இளகும், குளிரில் இரும்பாகும் என்பதை மறுநாள் பனியில் இறங்கிய முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொண்டான். அப்படியும் விடவில்லை. ஒன்றரை வருடத்தில் அவன் சறுக்குவதைப் பார்க்க வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் சரிவைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டான்.

பரீட்சை வைக்க வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வருவார். அந்த வருடம் விஜயதசமி அன்று பிற்பகல் குகனுக்குப் பரீட்சை என்று குறித்தார்கள். அதற்கு முதல் நாள் ஆயுத பூசை.

ஒர்க்‌ஷாப்பில் பூசைக்கு மேடம் மறுப்புச் சொல்லவில்லை. சூடம் மட்டும் கூடாது, மெழுகும் தின்னரும் இருக்கிற இடம் என்றார். முத்துப்பாண்டி பேட்டரியில் எரியும் ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தான். சாமி மன்னித்துக்கொள்ளும், ஃபயர் அலாரம் மன்னிக்காது என்பது அவன் வாதம். கிரைண்டர், ஸ்குரூ டிரைவர், மெழுகுப் பெட்டி, அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மேடத்தின் நெற்றியிலும் ஒரு பொட்டு. பிறகு கட்டைகளுக்கு வந்தான். குகனின் கட்டைகள் மேசைமேல் மெழுகு போடுவதற்காகக் குப்புறக் கிடந்தன. அவற்றின் அடிப்பக்கத்திலேயே நுனி, இடுப்பு, வால் என்று மூன்று இடத்தில் தாராளமாக அப்பினான்.

மேலே வை, அடியில் வைத்தால் பனியில் இழுக்கும் என்றேன்.

"கட்டை வேலை செய்யிறது அடிப்பக்கந்தானண்ணே. மேல இருக்கறது வெறும் படம். அருவாளுக்குப் பொட்டு வைக்கச் சொன்னா பிடியிலயா வைப்போம்?"

எப்படியும் காலையில் துடைத்து மெழுகு போட்டுத்தானே கொடுக்கப் போகிறோம் என்று விட்டுவிட்டேன். அவன் கட்டைகளை ஜோடி சேர்த்து ஸ்டாண்டில் பூசைக்கு நிறுத்தினான். பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை நல்ல நேரத்தில் மறுபூசை செய்துதான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பொரி கடலையைப் பாகிஸ்தான்காரரான எலெக்ட்ரீஷியன் பாய் பாதிக்கு மேல் தின்றார்.

மறுநாள் நான் டியூட்டிக்குள் நுழையும்போதே செய்தி காத்திருந்தது. பரீட்சைக்காரருக்கு ஃப்ளைட் மாறிவிட்டது, பரீட்சை இப்போதே. குகன் தன் கட்டைகளைத் தானே ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தான். இரண்டு கட்டைகளின் அடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதானே ஜோடி சேர்ந்திருக்கும்? மேலே போய்ப் பிரித்தபோதுதான் அவன் சந்தனத்தைப் பார்த்திருக்கிறான். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழிக்க மனமில்லாமல், அப்படியே மாட்டிக்கொண்டான்.

நானும் முத்துப்பாண்டியும் கீழே நின்றோம். மேடமும் பரீட்சைக்காரரும் ஓரமாக நின்றார்கள். கிளம்பு என்று கை காட்டினார்கள். குகன் கிளம்பவில்லை. கோலை ஊன்றித் தள்ளினான். நகரவில்லை. இன்னொரு முறை தள்ளினான். நிலையிலிருந்து கிளம்பும் தேர் போல ஒரு குலுங்கு குலுங்கி மெல்ல நகர்ந்தான். சரிவு கூடிய இடத்துக்கு வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. சந்தனமும் குங்குமமும் ஈரத்தில் கரையக் கரைய அவனுக்குப் பின்னால், வெள்ளைப் பனிமேல், சிவப்பாக இரண்டு கோடுகள் வந்துகொண்டே இருந்தன.

முதலில் பார்த்தவன் சரிவில் காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரன். "பாய், கூன்! கூன்!" என்று, ரத்தம் என்பதை இந்தியில் கத்திக்கொண்டு ஸ்ட்ரெச்சரை இழுத்தபடி ஓடினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். குகன் கீழே வந்து அழகாக நிற்பதற்குள் அவனை மூவராகப் பிடித்துச் சாய்த்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று அவன் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தான். கடைசியில் நேபாளத்துக்காரன் தொட்டு முகர்ந்து பார்த்து, தன் நெற்றியில் இட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு போனான்.

மேடம் பரீட்சைக்காரரிடம் விளக்கினார். கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. பரீட்சைக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கோடுகளோடு சரிவில் ஏறினார், குனிந்து பார்த்துக்கொண்டே. சாதாரணமாக வெள்ளைமேல் வெள்ளையாக விழும் தடத்தில் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அன்று எங்கள் முத்துப்பாண்டியின் தயவில் எல்லாம் எழுதிவைத்தது போலத் தெரிந்தது.

இடப்பக்கம் திரும்பிய வளைவுகளில் கோடு மெல்லிசாக, பேனாவால் இழுத்தது போல இருந்தது. வலப்பக்கம் திரும்பிய வளைவுகளில் மட்டும், வெற்றிலை எச்சிலைத் துப்பிக் காலால் தேய்த்தது போல அகலமாக இழுபட்டிருந்தது. அதாவது இடப்பக்கம் திரும்பும்போது கட்டை பனியைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது வழுக்கியிருக்கிறது. வலப்பக்கம் திரும்புகிறவன் இடது காலில்தான் பாரத்தைப் போட வேண்டும். பரீட்சைக்காரர் இறங்கி வந்து, இடது கால் பலவீனம், அதை நீ நம்பவில்லை, இன்னும் ஒரு வருடம் பழகு, அடுத்த முறை பார்ப்போம் என்று மென்மையாகவே சொன்னார்.

குகன் சரி என்று தலையாட்டினான். ஒரு வருடம் என்ற சொல்லை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான் என்று எனக்குத் தெரியும்.

அப்போது முத்துப்பாண்டி என் கையைப் பிடித்து இழுத்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஒரு கட்டையத்தாண்ணே தீட்டுனேன். அடுத்தத எடுக்கறதுக்குள்ள ராகுகாலம் நெருங்கிருச்சு. அரத்தைப் பூசைத் தட்டுல வச்சிட்டேன். காலையில எடுத்துத் தீட்டிக்கலாம்னு இருந்தேன்."

அவனை அங்கேயே பனியில் புதைத்திருப்பேன். ஆனால் கோபத்துக்கு நேரமில்லை. பரீட்சைக்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று கால் பரபரத்தது. தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் ஒரு விநாடி நின்றேன். நான் சொன்னால் அவர் காதில் என்ன விழும்? ஒரே ரூமில் இருக்கும் மூன்று பேர். ஒருவன் தோற்றுவிட்டான். மற்ற இருவர் வந்து, ஐயா, அரம் சாமி கும்பிடப் போயிருந்தது, அதனால்தான் இவன் வழுக்கினான் என்கிறார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன்.

கராஜில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வந்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்போம். இழுப்பும் பக்கம் மாறினால் டயரில் கோளாறு. மாறாவிட்டால் வண்டியில் கோளாறு. டயரைப் போலவே கட்டைக்கும் இடது வலது என்று கிடையாது. நான் போய் நின்று என் இங்கிலீஷில் கேட்டேன்: சார், அதே ஆள், அதே கட்டை, காலை மட்டும் மாற்றி மாட்டி இன்னொரு முறை. காரணம் எதுவும் சொல்லவில்லை.

பரீட்சைக்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார், வழக்கமாக என் வாயை அடைக்கத் தூக்கும் அதே கை. "காட்டு" என்றார். பரீட்சைக்காரர், நியாயம்தான், கேட்டிருக்காவிட்டால் எனக்கே உறுத்தியிருக்கும் என்று கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். பெரிய மனிதர்.

குகன் மாற்றி மாட்டிக்கொண்டு வந்தான். குங்குமம் ரோஸ் நிறத்துக்கு இறங்கியிருந்தது, ஆனாலும் தெரிந்தது. வலப்பக்க வளைவுகள் இப்போது மெல்லிசுக் கோடாக விழுந்தன. தேய்த்த எச்சில் இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. பரீட்சைக்காரர் வழுக்கிய கட்டையை வாங்கி ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கும்பிட்ட கை இறங்கவில்லை.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பரீட்சைக்காரர் குகனிடம் திரும்பி, உன் காலுக்கு இது தெரியவில்லையா என்று கேட்டார். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது என்றான் குகன். பிறகு ஏன் நிற்கவில்லை? குகன் முத்துப்பாண்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சொன்னால் தீட்டியவனுக்கு வேலை போய்விடும், அவன் எனக்காகத்தான் பூசை செய்தான் என்றான்.

அதுவரை சாந்தமாக இருந்த மனிதருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நாளைக்கு உன் பின்னால் ஒரு குழந்தை வரும், அதன் கட்டை சரியில்லை என்று தெரிந்தும் யாருடைய வேலையையாவது காப்பாற்றிக்கொண்டு நிற்பாயா, கால் உடைந்த பிறகுதான் வாயைத் திறப்பாயா என்று கேட்டார். முத்துப்பாண்டி மூக்கை உறிஞ்சினான்.

பிறகு பரீட்சைக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். வாடகைக்குக் கொடுக்கிற கட்டைகளில் நாலைந்து ஜோடியை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகப் பார், என்ன குறை என்று வாய்விட்டுச் சொல், ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வா என்றார். குகன் சொன்னான். இது மெழுகு காய்ந்தது, இதில் பூட்ஸைக் கவ்வுகிற பைண்டிங் என் எடைக்கு இறுக்கம், இதன் ஓரத்தில் கல் பட்டிருக்கிறது. பளபளவென்று நீளமாக ஒன்று இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, நாங்கள் முதல்முறை வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வளைந்து கொடுக்கிற குட்டைக் கட்டையை எடுத்தான்.

"படிப்பிக்கிறவனுக்கு மெதுவாப் போகத் தெரியோணும் அண்ணை. இதுதான் மெதுவாப் போகும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

தேறிவிட்டான். முத்துப்பாண்டிக்கு வேலை போகவில்லை. மேடம் அவன் கையில் அரத்தைக் கொடுத்து, அன்று கூடத்தில் இருந்த அத்தனை கட்டைகளின் ஓரத்தையும் அவனையே பார்க்கவைத்தார். அடுத்த ஆயுத பூசைக்கு ஸ்டோரிலிருந்து ஒரு புது அரம் வந்தது, பூசையில் உட்காருவதற்கென்றே. உங்கள் ஒர்க்‌ஷாப் அலமாரியில் ஒருநாளும் தேயாமல் ஒரு அரம் கிடக்கும், பாருங்கள். அதற்கு வேறு வேலை கிடையாது.

இதில் உங்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு உண்டு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காரணத்தைச் சுமந்துகொண்டு ஓடாதீர்கள். ஒரு சோதனை கேளுங்கள். மற்றது குகனின் மௌனம். நண்பனுக்காக வாயை மூடிக்கொண்டான் என்று அன்று ரூமில் நாங்கள் அவனைக் கொண்டாடினோம். இன்றும் அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அவன் செய்தது தப்பு. கட்டையில் குறை தெரிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், தீட்டியவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

குகனின் மனைவியும் மகளும் வந்துசேர மேலும் பல மாதம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் கூடத்துக்கு அழைத்து வந்தான். மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். மகளுக்கு ஏழு வயதிருக்கும். முத்துப்பாண்டி அவளுக்காக ஒரு குட்டி ஜோடியை இரண்டு முறை தீட்டி, மூன்று முறை நகம் வைத்துப் பார்த்துக் கொடுத்தான். இன்ஸ்ட்ரக்டர் ஜாக்கெட் போட்டிருந்த குகன், எல்லோருக்கும் சொல்வது போலவே தொடங்கினான்: முதல் பாடம் விழுவதற்குப் பழகுவது.

"விழ எனக்குத் தெரியும் அப்பா. பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை" என்றாள். சொன்னதோடு குப்புற விழுந்தாள். முகத்தைப் பனியில் புதைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அசையாமல் கிடந்தாள்.

நாங்கள் சிரித்தோம். கண்ணாடிக்கு அப்பால் அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

குகன் தன் கட்டைகளைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தான். "அது அங்க விழுற விழுகை, பிள்ளை. இஞ்ச பக்கவாட்டில விழோணும். அப்பதான் எழும்பலாம்."

அவள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "எழும்பலாமோ? உடனயோ?"

"ஓம். உடன."

அன்று முழுவதும் அந்தப் பிள்ளை சறுக்கவே இல்லை. பக்கவாட்டில் விழுவதும் எழும்புவதுமாகவே இருந்தாள்.